மேட்டூரில் தண்ணீர் திறந்த நாள்

பதினேழு நாள் நான் மாடு பார்க்கப் போயிருந்ததாக வீட்டில் நம்பினார்கள். திரும்பி வந்தபோது என் கையில் ஒரு கன்றுக்குட்டிகூட இல்லை. அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தியூர்ச் சந்தைக்குப் போய், அங்கிருந்து பர்கூர் மலையேறி, நல்ல சுழியோடு மாடு அமையாவிட்டால் வெறுங்கையோடு வருவது எங்கள் தொழிலில் நடக்கிறதுதான். ஆத்தா மட்டும், "ஏஞ் சாமி, இப்படி எளச்சுப் போயிட்டே? சந்தையில சோறே கெடைக்கலயா?" என்று கேட்டாள். மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அன்றைக்குக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

நீங்கள் கேட்பது என் மனைவி பாவாயி இறந்ததைப் பற்றி. நான் அந்தப் பதினேழு நாளிலிருந்து தொடங்குகிறேன். அங்கிருந்து சொன்னால்தான் நான் செய்ததில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். ஸ்டேஷன் ரைட்டரை மெதுவாகவே எழுதச் சொல்லுங்கள், ஐயா. எனக்கு அவசரமில்லை.

என் பெயர் நாச்சிமுத்து. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், ராஜவாய்க்கால் பாய்கிற ஊர். அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் பொலிகாளை வைத்திருக்கிறோம். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பருவத்துக்கு வந்த பசுக்களை எங்கள் களத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். பசு சினைப்பட்டால் காளைக்குப் பேர். ஊரில் என் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் உடனே தெரியாது. காளைக்காரர் வீடு என்று கேட்க வேண்டும்.

போன வருஷம் ஆனி மாதம், புதிதாக வாங்கிய ஒரு காளைக்கு லாடம் அடிக்கப் படுக்கப்போட்டோம். கயிறு சரியாக விழவில்லை. பின்னங்கால் நழுவி என் தொடை இடுக்கில் உதைத்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து கயிற்றை மறுபடி போட்டேன். வாரம் போகப் போக இடப்பக்கம் வீங்கியது. எருக்கிலையை வாட்டி வைத்துக் கட்டினேன். வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டேன். காய்ச்சல் வரத் தொடங்கியதும் உள்ளே சீழ் கோத்திருக்கிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது. மாட்டுக்கு வந்தால் கண்டுபிடிக்கிறவனுக்குத் தனக்கு வந்தால் தெரியாதா?

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு ஓதம் இறங்கி விரை வீங்கிப்போனது. அதோடு அவர் பெயரே மாறிப்போனது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட அந்தப் பட்டப் பெயரைச் சொல்லித்தான் வீடு விசாரித்தார்கள். அவர் சாதாரண வெள்ளாமைக்காரர். நான் காளைக்காரன். ஆத்தாவிடம் சொன்னால் அவள் அழுவாள். அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பாவாயியிடம் சொன்னால் அவள் தாய்வீட்டுக்குத் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

ஆடியில் அந்தியூர்ச் சந்தை கூடுகிறது. சந்தைக்கு என்று சொல்லிப் பரிசலில் ஏறினேன். அக்கரையில் இறங்கி ஐந்து மைல் நடந்தால் மிஷன் ஆஸ்பத்திரி. பெயர் காளியப்பன், ஊர் மேச்சேரி, ஆட்டு வியாபாரம் என்று சொன்னேன். டாக்டர் தமிழர்தான். தொட்டுப் பார்த்துவிட்டு, இடது விரை அழுகிவிட்டது, எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார். எடுங்கள் என்றேன். மூக்கின் மேல் துணியை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இனிப்பான வாசம். விழித்தபோது வாயெல்லாம் கசந்தது. எடுத்தாகிவிட்டது.

தினமும் காலையில் கட்டு மாற்ற ஒரு டிரெஸ்ஸர் வருவான். வாய் ஓயாத ஆள். முதல் நாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "மேச்சேரியாரே, கிடாக்குட்டிக்கு நீர் பண்ணறதை உமக்கே பண்ணிட்டாங்க பாத்தீரா? இனிமே நல்லா சதை பிடிக்கும்" என்றான். பக்கத்துக் கட்டில்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவர்களுக்கும் தையல் போட்டிருந்ததால். நானும் சிரித்தேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் முகமும் அவனுக்கு ஞாபகம் இருக்கும்.

அனுப்பும்போது டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கனமானதைத் தூக்காதே, புண் ஆறும்வரை வண்டிப் பயணம் வேண்டாம், ஈரம் படாமல் பார்த்துக்கொள் என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். சந்தையில் பொலிக்குக் காளை வாங்குகிறவன் முதலில் பல்லைப் பார்க்கமாட்டான். பின்னால் போய்க் கையைக் கொடுத்துப் பார்ப்பான். இரண்டும் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவான். ஒற்றைக் காளையைப் பொலிக்கு விடுகிற வழக்கம் காவேரிக்கு இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. என் சின்ன வயதில் பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒன்று இருந்தது. ஏற்றத்துக்குத்தான் கட்டுவார்கள். அவர்கள் வீட்டுப் பசு ஒன்று, வேறு எங்கும் ஓட்டிப் போகாமலே, சினையானது. அந்தக் காளைதான் என்று அவர்கள் சொன்னபோது என் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வேலி தாண்டி எதுவோ வந்து போயிருக்கிறது என்றார். கன்று அந்தக் காளையை உரித்து வைத்த மாதிரி இருந்தது. அப்போதும் அப்பா அதையேதான் சொன்னார். நானும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் பழனிக்கு வேண்டுதல் என்று மாலை போட்டுக்கொண்டேன். கந்த சஷ்டிவரை விரதம். களத்துச் சாளைக் குடிசையில் படுக்கை, தனிக் குளியல். யாரும் ஒன்றும் கேட்கமுடியாது. ஆத்தாவுக்குச் சந்தோஷம். கலியாணம் ஆகி இரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லையே, அதற்குத்தான் மகன் முருகனிடம் கேட்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சஷ்டி முடிந்து மாலையைக் கழற்றினேன். அதற்குப் பிறகு வீட்டுக்குள் படுத்தேன். பாவாயிக்குத் தெரியாமல் இருக்க நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விளக்கை அணைத்தேன், அவ்வளவுதான்.

தை பிறந்தபோது ஆத்தா வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தாள். பாவாயி முழுகாமல் இருக்கிறாள் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. களத்துக்குப் பசு ஓட்டி வந்த ஒருவர், "என்னங்க காளைக்காரரே, ஊருப் பசுவையெல்லாம் சினையாக்கிப்போட்டுக் கடைசியாத்தான் சொந்த ஊட்டு ஞாபகம் வந்துச்சுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து நான் கவனிக்கத் தொடங்கினேன். கவனிப்பது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை. மாடு வளர்க்கிறவனுக்கு அதுதான் வேலை.

சுப்பையனை உங்களுக்குத் தெரியும். நேற்று விசாரித்தீர்கள். பாவாயியின் தாய்மாமன் மகன். பாவாயியின் ஊரான வெண்ணந்தூர்தான் அவனுக்கும். முறைப்படி அவன்தான் அவளைக் கட்டியிருக்க வேண்டும். அவன் வீட்டில் அப்போது ஒரு சாவு விழுந்து வருஷம் திரும்பாததால், அவன் உரிமையை விட்டுக்கொடுத்தான், எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் வெற்றிலை வியாபாரம் செய்கிறான். ஆற்றோரத்துக் கொடிக்கால்களில் வெற்றிலை பிடித்துப் போக வாராவாரம் எங்கள் ஊருக்குப் பக்கத்து வேலூருக்கு வருவான். வருகிறபோதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவான். அதுவரை அதில் ஒன்றும் தவறாக எனக்குத் தெரிந்ததில்லை.

மாசியில் ஒரு நாள் வந்தான். நான் காளைக்குப் பருத்திக்கொட்டை அரைத்த பாலைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க பங்காளி, காளைக்குப் பாலா ஊத்தறீங்க. எங்கத்தை மகளுக்கு ஒரு மொளகாபஜ்ஜி வாங்கிக் குடுத்தாக் கொறஞ்சா போயிருவீங்க?"

உள்ளேயிருந்து பாவாயி, "அடுத்த சென்மத்துல நானும் இவிய ஊட்டுக் காளையாப் பொறக்கறேன், மாமா. அப்பவாச்சும் பருத்திக்கொட்டை கெடைக்கும்" என்றாள்.

"நீ காளையாப் பொறந்தா மொத முட்டு யாருக்கு?"

"லாடம் அடிக்க வர்றவியளுக்கு."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன். லாடம் என்ற சொல் அவள் வாயில் ஏன் வந்தது என்று யோசித்தேன். அவன் கொண்டுவந்திருந்த மாவடுவை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு தின்றாள். எனக்கு ஒன்று நீட்டினாள். நான் வாங்கவில்லை.

அவன் வந்துபோன நாட்களையெல்லாம் மனதில் கூட்டிப் பார்த்தேன். சஷ்டிக்குப் பிறகு அவன் வராத வாரம் இல்லை. நான் களத்தில் இருந்த நேரம், ஆத்தா கோயிலுக்குப் போன நேரம், மழையில் அவன் வெளியறையில் தங்கிய இரவு. வைத்துப் பார்த்தால் எல்லாம் இடத்தில் பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

பாவாயி ஒரு தடவை கேட்டாள். "ஏனுங்க, எம்மேல எதாச்சும் கோவமுங்களா? மூஞ்சி குடுத்துப் பேசி ஒரு மாசமாச்சு."

"காளைக்கு வாய்க்கோமாரி வந்துரும்னு பயம். வேற ஒண்ணுமில்லே."

"காளையவே நெனச்சுட்டு இருந்தீங்கன்னா, பொறக்கறது கொம்போடதான் பொறக்கும்" என்றாள். சிரிக்கவைக்கப் பார்த்தாள். குற்றமுள்ளவர்கள்தான் அப்படிச் சிரிக்கவைக்கப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் பெண் வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் விருந்து போட்டு, வளையல் அடுக்கி, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். மாமனாரும் மாமியாரும் வெண்ணந்தூரிலிருந்து இரண்டு வண்டி கட்டி வந்தார்கள். ஒரு வண்டியை ஓட்டி வந்தவன் சுப்பையன்.

விருந்து முடிந்ததும் நான் அனுப்ப முடியாது என்றேன்.

"மொதப் பிரசவம் தாய் ஊட்லதானுங்க, மாப்ள. அனுப்பலீன்னா ஊரு என்ன பேசும்?" என்றார் மாமனார்.

"சோசியர் பயணம் ஆகாதுன்னுட்டாருங்க. ஆடி முடியறவரைக்கும் ஊரைத் தாண்டக்கூடாதாம்."

"ராசிபுரத்துல ஆசுபத்திரி பக்கமுங்க. நர்சம்மா ஊட்டுக்கே வருவாங்க. இங்க ஆத்தைத் தாண்டணுமே."

"தாண்டற மாதிரி எதுவும் வராதுங்க."

சோசியரை நான் பார்க்கவே இல்லை. ஆத்தா என் பக்கம் பேசினாள். சோசியர் சொன்னதை மீற அவளுக்குப் பயம். புது வளையல்களோடு பாவாயி நின்றுகொண்டிருந்தாள். வண்டிகள் கிளம்பியபோது அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து போனாள். எருதுகள் வேகம் பிடித்ததும் கையை விட்டாள். அவள் அழுதது தாய்க்காகவா, வண்டி ஓட்டியவனுக்காகவா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இருந்தது. கேட்கவில்லை.

ஆவணியில் வலி எடுத்தது. விடியும்போதே தொடங்கிவிட்டது. பிரசவம் பார்க்கிற மாரக்காளை அழைத்து வந்தோம். வெயில் ஏறிய பிறகு அவள் வெளியே வந்து கையைக் கழுவினாள்.

"கொளந்த குறுக்கால கெடக்குதுங்க. எங்கைக்கு அடங்காது. அக்கரை ஆசுபத்திரியில டாக்டரம்மா இருக்காங்க, வகுத்தக் கிழிச்சாவது எடுத்துப்போடுவாங்க. வண்டியக் கட்டுங்க சாமி, நின்னுட்டு இருக்காதீங்க."

அந்த ஆஸ்பத்திரியின் வாசல் எனக்குக் கண்ணில் தெரிந்தது. வேப்பமரம், அதற்கடியில் மருந்துக்கு நிற்கிறவர்கள், கட்டுத்துணிக் கூடையோடு குறுக்கே நடக்கிற டிரெஸ்ஸர். வாங்க மேச்சேரியாரே என்று அவன் கூப்பிடுவான். பக்கத்தில் ஆத்தா இருப்பாள். மாமனாருக்கு ஆள் போய், சுப்பையன் வந்து நிற்பான். டிரெஸ்ஸர் வாய் ஓயாத ஆள் என்று முன்பே சொன்னேன்.

உள்ளே போனேன். மாரக்காள் வெந்நீருக்குப் போயிருந்தாள். பாவாயியின் உதடு வெளுத்திருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக் காதருகில் சொன்னாள்.

"அந்த ஆசுபத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க. அங்க உங்களை யாராச்சும் அடையாளம் கண்டாங்கன்னா, நாஞ் சமாளிச்சுக்குவேனுங்க. அத்தைக்குத் தெரியாமப் பாத்துக்குவேன்."

மாரக்காள் வருகிறாளா என்று கதவைப் பார்த்தேன்.

"வேட்டி தொவைக்கறவளுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். "போன வருஷ ஆடியிலயே தெரியுமுங்க. மருந்து வாசம் அலசினாலும் போகலே. உங்களுக்குச் சங்கட்டமா இருக்கும்னு கேக்கலே. எங்கம்மாகிட்டக்கூட மூச்சு விடலீங்க."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு, முகத்தில் காட்டாமல், சோறு போட்டுச் சிரித்துப் பேசியிருக்கிறாள். அதை மறைக்கத் தெரிந்தவளுக்கு எதைத்தான் மறைக்கத் தெரியாது? இந்த யோசனையில் தப்பு இருந்தால் சொல்லுங்கள். நான் பல தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன்.

வெளியே வந்து, முதலில் நான் போய்ப் பரிசல் ஓடுகிறதா என்று பார்த்து, பெரிய பரிசலாகப் பேசிவைத்துவிட்டு வருகிறேன் என்றேன். ஆடியில் வெள்ளம் வந்து பல நாள் பரிசல் ஓடாமல் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். வலியில் இருக்கிறவளைக் குலுக்கிக்கொண்டு போய்த் துறையிலிருந்து திருப்பிக் கொண்டுவருவதைவிட அது புத்திசாலித்தனமாகப் பட்டது. ஆத்தாவும் சரி என்றாள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு வண்டிதான். அதை நான் ஓட்டிக்கொண்டு போனேன்.

துறையில் ஆறு தெளிவாக ஓடியது. நடுவில் மணல் திட்டுகூடத் தெரிந்தது. பரிசல்காரன் சடையன் மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கரைக்குங்களா? ஏறுங்க, ஒரு ஆளுக்கு எடம் இருக்குது" என்றான்.

"ஒருத்தரு வரணும். நீ போ."

எருதுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினேன். புங்க மரத்து நிழலில் மணலில் உட்கார்ந்தேன். அவன் போய்த் திரும்பி வந்தான். "வர்றவிய இன்னும் வரலீங்களா? பொண்ணு பாக்கவா வர்றாங்க, இத்தனை நேரம் சோடிச்சுட்டு?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான். மறுபடியும் போனான். வெற்றிலைக் கூடைகளோடு வந்தான். நிழல் கிழக்கே நீளும்வரை உட்கார்ந்திருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. நான் அவளைத் தொடவில்லை, ஐயா. ஒரு வார்த்தைகூடக் கடுமையாகச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய், "மேட்டூர்ல தண்ணி தொறந்து விட்டுட்டானுக. பரிசலைக் கரையேத்திக் கவுத்துப்போட்டிருக்குது" என்றேன். அணை கட்டிய நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்டவுடன் நம்புகிற செய்தி அது. ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாசமாப் போறவனுக! இன்னைக்குப் பாத்தா தொறக்கோணும்? அவனுக ஊட்லயும் பொம்பளைக பிள்ளை பெக்கறதில்லையா?" என்று வடக்கே பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

பாவாயிக்கு அப்போதும் நினைவு இருந்தது. நான் வாசற்படியில் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வேட்டியைப் பார்த்தாள். வேட்டியில் உட்கார்ந்த இடமெல்லாம் காய்ந்த மணல் ஒட்டியிருந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.

விளக்கு வைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை. பையன் என்று மாரக்காள் சொன்னாள். துணியை விலக்கிக் காட்ட வந்தாள். நான் வேண்டாம் என்றேன்.

அடக்கத்துக்கு வெண்ணந்தூரிலிருந்து எல்லோரும் வந்தார்கள். சுப்பையன் அழுதான். அத்தை மகளுக்கு அழுகிற அளவுதானா, கூடுதலா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவாகத்தான் அழுதான். அது என்னைத் தொந்தரவு செய்தது.

ஐந்தாம் நாள் சடையன் துக்கம் கேட்க வந்தான். ஆத்தா அவனைக் கண்டதும், "நீ பரிசலை ஓட்டியிருந்தா எம்மருமக பொளச்சிருப்பாளே, சடையா" என்று அழுதாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அன்னைக்கு முச்சூடும் ஓட்டுனேனுங்களே. காளைக்காரரு கரையிலதான் உக்காந்திருந்தாரு. நாங்கூடக் கூப்பிட்டேனுங்க" என்றான். மாமனார் பக்கத்தில் இருந்தார். ஆத்தா அழுகையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. மாமனார் எழுந்து துண்டைப் போட்டுக்கொண்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்.

ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதற்குச் சட்டத்தில் தண்டனை இல்லை, வாயைத் திறக்காதே என்று வக்கீல் சொல்கிறார். எனக்கு அவர் சொல்வது பிடிக்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் ஊரில் நான் பயந்துவிட்டேன், பரிசல் கூலிக்குக் கணக்குப் பார்த்தேன், புத்தி பேதலித்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் ஒரு காரணத்தோடு செய்தேன். மனைவி துரோகம் செய்தாள் என்றால் ஆண்களுக்குப் புரியும். அதை மட்டும் நீங்கள் கோர்ட்டில் சொல்லலாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆபரேஷன் நடந்ததை மட்டும் எழுதவேண்டாம். எழுதினால் கோர்ட்டில் வாசிப்பார்கள். ஆத்தா அங்கே வருவாள். களத்துக்குப் பசு ஓட்டி வருகிறவர்களும் வருவார்கள். வேறு என்ன தண்டனை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ரைட்டர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அப்படியா. நாளைக் காலையில் அந்த மிஷன் டாக்டரே இங்கே வருகிறாரா. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆள் அனுப்பிவிட்டீர்களா. அப்படியென்றால் அவரிடம் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லமாட்டார்.

அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அனுப்பும்போது அவர் என் தோளில் கை வைத்தார். இன்னொன்று நன்றாக இருக்கிறது, பிள்ளை பிறக்க அது ஒன்றே போதும், டிரெஸ்ஸர் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். நான் விழித்துக்கொண்டு நின்றதால் மறுபடியும் சொன்னார். எனக்குப் புரிந்தது.

புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு நினைவு இருந்தது. சடையன் கூப்பிட்டபோது நினைவு இருந்தது. சுப்பையன்மேல் சந்தேகப்படுவது எனக்குத் தேவையாக இருந்தது, ஐயா. அது இல்லாவிட்டால், நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக மட்டும் அவளை விட்டுவிட்டேன் என்று ஆகிவிடும்.

எழுதிக்கொள்ளுங்கள். அது என் பிள்ளை.